பணக்கார நாட்டின் ஒலிம்பிக் அணிக்கு விருந்து வைத்து ஏன் பணம் திரட்டுகிறார்கள்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா 460 பேர் கொண்ட அணியை இறக்கியது. 18 தங்கம், 19 வெள்ளி, 16 வெண்கலம் என 53 பதக்கங்கள். பட்டியலில் நான்காவது இடம். இப்படிப்பட்ட நாட்டில், ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் முந்தைய மாதங்களில் ஒரு விசித்திரமான காட்சியைப் பார்க்கலாம். பெர்த், அடிலெய்ட், ஹோபார்ட் போன்ற ஊர்களில் பெரிய ஓட்டல் மண்டபங்களில் விருந்து நடக்கும். மேசை மேசையாக நிறுவனங்களுக்கு விற்பார்கள். வீரர்கள் கையெழுத்திட்ட ஜெர்சியை ஏலம் விடுவார்கள். வாசலில் டிக்கெட் சரிபார்ப்பவர்களும் மேசைக்கு ஆள் பிடித்தவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

பார்க்கிறவர்களுக்கு இயல்பாகவே கேள்வி வரும். அரசாங்கத்திடம் இல்லாத பணமா? வரிப்பணத்தில் உலகத் தரத்தில் பயிற்சி மையம் நடத்துகிற நாடு, விமான டிக்கெட்டுக்கு மட்டும் ஏன் கையேந்த வேண்டும்? இதற்குப் பதில் சொல்ல, யார் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பைகள்

ஒலிம்பிக் அணி என்றதும் ஒரே கஜானாவிலிருந்து எல்லாம் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இரண்டு பைகள் இருக்கின்றன.

1. பயிற்சிப் பை. பயிற்சியாளர் சம்பளம், மைதானம், விளையாட்டு மருத்துவம், வெளிநாட்டுப் பயிற்சிப் போட்டிகள் போன்றவை. இதை நிரப்புவது பெரும்பாலும் மத்திய அரசு. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. நாடே கொதித்தது. அதன் விளைவாக 1981இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கல்வி நிலையம் பிறந்தது.

2. அனுப்பும் பை. தேர்வான அணியைப் போட்டி நடக்கும் ஊருக்கு விமானத்தில் கொண்டுபோவது, சீருடை, காப்பீடு, படகுகளையும் குதிரைகளையும் சரக்காக அனுப்புவது, கூடவே போகும் மருத்துவர்கள், பதக்கம் வென்றால் ஊக்கத்தொகை. இது ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டியின் பொறுப்பு.

ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஒரு தேசிய ஒலிம்பிக் கமிட்டி இருக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் சாசனப்படி, ஒலிம்பிக்குக்கு அணியை அனுப்பும் உரிமை அந்தக் கமிட்டிக்கு மட்டுமே உண்டு. அரசுக்குக் கிடையாது. அதே சாசனம், கமிட்டிகள் தங்கள் தன்னாட்சியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அரசியல் அழுத்தத்துக்குப் பணியக்கூடாது என்றும் சொல்கிறது.

ஆஸ்திரேலிய கமிட்டிக்குக் கீழே ஆறு மாநிலங்களிலும் தலைநகர்ப் பகுதியிலும் மாநில ஒலிம்பிக் கவுன்சில்கள் இருக்கின்றன. விருந்து வைப்பவர்கள் இவர்கள்தான். பழைய வீரர்கள், விளையாட்டுச் சங்க நிர்வாகிகள், உள்ளூர் தொழிலதிபர்கள், வழக்கறிஞர்கள் என்று கலவையான கூட்டம். அவர்களுடைய தலையாய வேலை, தங்கள் மாநிலத்தில் அணிக்காக நிதி திரட்டுவது. பள்ளிகளில் ஒலிம்பிக் தினம் கொண்டாடுவது, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த பியர் தெ கூபர்தன் பெயரில் விருது தருவது போன்ற வேலைகளும் உண்டு.

"நாங்கள் அரசுப் பணம் வாங்குவதில்லை" என்று கமிட்டி பெருமையாகச் சொல்லும்போது, இரண்டாவது பையைப் பற்றித்தான் பேசுகிறது. அதிலும் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

பணம் இருந்தால் போகலாம்

இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உருவாக்கவில்லை. தூரமும் வறுமையும் சேர்ந்து உருவாக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிட்னியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும். தேசிய அமைப்பிடம் சல்லிக்காசு இருக்காது. ஆகவே அணியில் தேர்வாவது ஒரு கட்டம், போவதற்குப் பணம் புரட்டுவது இன்னொரு கட்டம்.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு நீச்சல் போட்டி முதன்முதலாக வந்தது அந்த ஆண்டுதான். சிட்னியின் ஃபேனி டியூராக், மினா வைலி இருவரும் அன்றைய உலகின் மிகச் சிறந்த நீச்சல் வீராங்கனைகள். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தில் ஒரு விதி: ஆண்கள் பார்க்கும் இடத்தில் உறுப்பினர்கள் போட்டியில் நீந்தக் கூடாது. பொதுமக்கள் எதிர்ப்புக் கிளம்பியது, விதி தளர்ந்தது. போகலாம், செலவை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

அப்போது ஹியூ மெக்கின்டாஷ் என்ற விளையாட்டு, நாடக அரங்கத் தொழிலதிபரின் மனைவி முன்வந்து நிதி திரட்ட வேண்டுகோள் விடுத்தார். பணம் சேர்ந்தது. டியூராக்குடன் துணைக்கு அவருடைய சகோதரி போனார், வைலியுடன் அவருடைய அப்பா. ஸ்டாக்ஹோமில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் டியூராக் தங்கம், வைலி வெள்ளி. யாரை அனுப்பலாம் என்று சங்கம் முடிவு செய்த காலத்தில், அந்த முடிவைச் சாத்தியமாக்கியது வெளியில் இருந்தவர்களின் வசூல். இந்த முறையின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. வசதியுள்ள ஒருவர் தலையிட்டதால் டியூராக் போனார். அப்படி ஆள் கிடைக்காதவர்கள் வீட்டில் இருந்திருப்பார்கள்.

ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கூட்டமைப்பு உருவான பிறகும் பணம் திரட்டும் சுமை மாநிலங்களின் தலையில்தான் பெருமளவு இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே வந்த 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரேலியா அனுப்பியது ஏறத்தாழ ஒரு டஜன் பேரைத்தான். அந்தச் சின்னக் கூட்டம் மூன்று தங்கம் வென்று திரும்பியது வேறு கதை.

மாநிலத்துக்கும் கீழே ஊர் மட்டத்திலும் இது நடந்தது. நியூ சவுத் வேல்ஸின் லித்கோ ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அந்த ஊர்ப் பெண் மார்ஜரி ஜாக்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓட வேண்டும். அங்கே ஓடுதளம் சாம்பல் தளம், லித்கோவில் இருப்பதோ புல்தரை. ஊரில் அவருக்காகவே ஒரு சாம்பல் ஓடுதளம் போட்டார்கள். மூடுபனி இரவுகளில் கார் விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி செய்தார் என்பார்கள். ஹெல்சிங்கியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம்.

1980: பணம் யாருடையதோ முடிவும் அவருடையது

இதுவரை சொன்னது ஏழ்மையின் கதை. 1980க்குப் பிறகு அது கொள்கையாக மாறியது.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் அழைப்பு விடுத்தார். ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் ஃப்ரேசர் அதை முழு மூச்சாக ஆதரித்தார். போகாமல் இருப்பவர்களுக்கு இழப்பீடாகப் பணம் தரவும் அவருடைய அரசு முன்வந்தது. ஆனால் அணியை அனுப்பும் உரிமை அரசிடம் இல்லையே! ஒலிம்பிக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழு கூடி வாக்கெடுத்தது. போவதற்கு 6, வேண்டாம் என்பதற்கு 5. ஒரே ஒரு வாக்கில் அணி மாஸ்கோ போனது.

ஹாக்கி, குதிரையேற்றம், பாய்மரப் படகு அணிகள் விலகிக்கொண்டன. சுமார் 120 பேர் போனார்கள். தொடக்க விழாவில் தேசியக் கொடிக்குப் பதிலாக ஒலிம்பிக் கொடியைப் பிடித்து நடந்தார்கள். 2 தங்கம் உள்பட 9 பதக்கங்கள் கிடைத்தன. திரும்பி வந்தபோது வரவேற்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 2025 ஜூலையில்தான், 45 ஆண்டுகள் கழித்து, நாடாளுமன்றத்தில் பிரதமர் ஆல்பனீஸ் அந்த அணியை முறைப்படி கௌரவித்தார்.

இதிலிருந்து ஒலிம்பிக் நிர்வாகிகள் எடுத்துக்கொண்ட பாடம் எளிது. விமான டிக்கெட்டுக்கு அரசிடம் போய் நின்றிருந்தால் 6-5 என்ற வாக்கெடுப்புக்கே வேலை இருந்திருக்காது. டிக்கெட் வாங்கித் தர மாட்டோம் என்று ஒரு கடிதம் போட்டால் போதும், அணி நின்றுவிடும். எனவே அனுப்பும் பையை அரசின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை ஆனது. அணி போனது சரியா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் முடிவெடுக்கும் உரிமைக்கும் பணப்பைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது அரிது.

சிட்னி தந்த மூலதனம்

அடுத்த திருப்பம் 2000 சிட்னி ஒலிம்பிக். கூட்டமைப்பு 1990இல் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஜான் கோட்ஸ் தலைவரானார். சிட்னி போட்டியின் லாபத்தில் கமிட்டிக்குப் பங்கு இருந்தது, வரவுசெலவில் தலையிடும் அதிகாரமும் இருந்தது. அந்த உரிமைகளை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு உறுதியான ஒரு தொகையைக் கேட்டு வாங்கினார்கள். போட்டியில் நஷ்டம் வந்தாலும் கமிட்டிக்குக் கவலை இல்லை.

1996இல் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. சிட்னி மூலம் வந்த ஏறத்தாழ 9 கோடி ஆஸ்திரேலிய டாலர் அதில் போடப்பட்டது. மூலதனத்தைத் தொடாமல், அதன் வருமானத்தில் ஒரு பகுதியைக் கமிட்டிக்குக் கொடுப்பது ஏற்பாடு. நம் ஊர்க் கோயில் கட்டளை நிலம் மாதிரிதான்: நிலம் அப்படியே இருக்கும், விளைச்சலில் பூசை நடக்கும்.

இன்று அனுப்பும் பைக்கு வரும் பணத்தை இப்படி வகைப்படுத்தலாம்:

1. அறக்கட்டளையின் வருமானம்.
2. விளம்பரதாரர் ஒப்பந்தங்கள். இதில் கணிசமான பகுதி ரொக்கமாக வராமல் உடையாகவும் பொருளாகவும் சேவையாகவும் வரும்.
3. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தரும் பங்கு.
4. மாநிலக் கவுன்சில்கள் வழியாக வரும் அணி நிதி. விருந்துகள், தனிநபர் நன்கொடை, அப்புறம் மாநில அரசுகளின் நன்கொடை.

முன்பு சொன்ன ஓட்டை இந்த நான்காவதில் இருக்கிறது. மத்திய அரசிடம் வாங்குவதில்லை என்று சொல்லும் அதே கமிட்டியின் அணி நிதிக்கு மாநில அரசுகள் பணம் தருகின்றன. பள்ளிகளுக்கு ஒலிம்பிக் வீரர்களை அனுப்பிப் பேசவைக்கும் திட்டம் போன்றவற்றுக்கும் மாநில அரசுகள் ஆதரவு உண்டு. இது சாசனத்துக்கு விரோதம் இல்லை. ஒரு மாநிலம் முரண்டு பிடித்தாலும் மற்றவை இருக்கின்றன, யாரும் தனியாகக் கழுத்தைப் பிடிக்க முடியாது என்று வாதாடலாம். வரிப்பணமே படாத பணம் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஒரு விருந்தின் கணக்கு

விருந்துகளில் எவ்வளவு மிஞ்சும்? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகை எல்லாம் ஆஸ்திரேலிய டாலரில்.

30 மேசை, மேசைக்கு 10 பேர், ஆளுக்கு 250 டாலர். வசூல் 75,000. ஓட்டலுக்கு ஆளுக்கு 120 வீதம் 36,000 போகும். மேடை, ஒலி, அச்சு, இதர செலவு 9,000. மிச்சம் 30,000. ஏலத்திலும் குலுக்கலிலும் 25,000 வந்தால், மொத்தம் 55,000.

பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருக்கு 20,000, வெள்ளிக்கு 15,000, வெண்கலத்துக்கு 10,000 டாலர் என்று கமிட்டி ஊக்கத்தொகை வைத்திருந்தது. மாதக்கணக்கில் உழைத்து நடத்திய நம் கற்பனை விருந்தின் லாபம், இரண்டு தங்கத்துக்கும் ஒரு வெள்ளிக்கும் தரும் பரிசோடு தீர்ந்துவிடும். 460 பேரை ஏற்றி இறக்க இதெல்லாம் எந்த மூலைக்கு?

தன்னார்வலர்கள் இல்லையென்றால் இந்த லாபமும் தேறாது. விருந்து நடத்த ஒரு நிறுவனத்தை அமர்த்தினால் கட்டணம் போக என்ன மிஞ்சும்? மேசைகளை விற்பதுதான் உண்மையான பாடு. அதற்கு ஊரில் நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும். சிட்னியிலிருக்கும் தலைமை அலுவலகம் ஹோபார்ட்டில் ஒரு கட்டுமான நிறுவன முதலாளியைக் கூப்பிட்டால் எடுபடாது, அதே ஊரில் அவரோடு சேர்ந்து துடுப்புப் போட்டவர் கூப்பிட்டால் மேசை விற்கும்.

கட்டுப்பாடுகளும் உண்டு. ஐந்து வளையச் சின்னத்தை இஷ்டத்துக்கு அழைப்பிதழில் அச்சடிக்க முடியாது, 1987ஆம் ஆண்டின் ஒலிம்பிக் சின்னப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உள்ளூர் வங்கி ஒன்று மேடைப் பதாகைக்குப் பணம் தருகிறேன் என்றாலும், தேசிய அணியின் விளம்பரதாரர் வேறொரு வங்கியாக இருந்தால் மறுக்க வேண்டியதுதான். கையில் வந்த காசை வேண்டாம் என்று சொல்லும் வேலையும் தன்னார்வலர் தலையில்தான் விழும்.

அப்படியிருந்தும் ஏன் விடாமல் நடத்துகிறார்கள்? இரண்டு காரணங்கள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன.

முதலாவது, இது கட்டில்லாத பணம். உடை தரும் நிறுவனம் உடையைத்தான் தரும், அதை விற்று மருந்து வாங்க முடியாது. விருந்தில் வந்த ரொக்கத்தை எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே நிரப்பலாம்.

இரண்டாவது, விருந்து ஒரு கதவு. முதலமைச்சரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே மேடையில் வீரர்களுக்குக் கைகுலுக்கும் இரவில், மாநில அரசின் நன்கொடையை அறிவிக்காமல் நழுவுவது கஷ்டம். பக்கத்து மாநிலம் இவ்வளவு கொடுத்தது என்ற பேச்சு காதில் விழுந்தால் இன்னும் கஷ்டம். ஆக, விருந்தின் வசூலை டிக்கெட் பணத்தை மட்டும் வைத்து அளந்தால் தப்பாகிவிடும்.

சம்பளம் வாங்குபவர், வாங்காதவர்

கமிட்டியின் பொதுக்குழுவில் தேசிய விளையாட்டுச் சங்கங்களோடு மாநிலக் கவுன்சில்களுக்கும் வாக்கு உண்டு. சங்கங்களின் வாக்குகள்தான் அதிகம் என்பதால், பணம் திரட்டித் தருகிறவர்களின் குரல் அங்கே சன்னமாகத்தான் கேட்கும்.

2017 தலைவர் தேர்தலில் இந்த அமைப்பின் ஒரு உறுத்தல் வெளியே வந்தது. 1990 முதல் தலைவராக இருந்த கோட்ஸை எதிர்த்து, 1996 அட்லாண்டாவில் ஹாக்கித் தங்கம் வென்ற டேனி ரோச் போட்டியிட்டார். கோட்ஸ் ஆண்டுக்கு 7 லட்சம் டாலருக்கு மேல் ஆலோசனைக் கட்டணமாகப் பெறுகிறார், தான் வந்தால் சம்பளமே வேண்டாம் என்றார் ரோச். சிட்னியைக் கொண்டுவந்து அறக்கட்டளையை உருவாக்கிய திறமைக்கு அது தகும் என்றது கோட்ஸ் தரப்பு. 58-35 என்று கோட்ஸ் வென்றார். அவர் 2022 வரை நீடித்தார்.

கீழே இலவசமாக உழைக்கும் படை, மேலே தொழில்முறைச் சம்பளம் என்ற அமைப்பு உலகெங்கும் உள்ள பெரிய தொண்டு நிறுவனங்களில் சகஜம்தான். ஆனால் நன்கொடை கேட்டு நிற்கும் ஹோபார்ட் தன்னார்வலரிடம், "உங்கள் தலைவர் எவ்வளவு வாங்குகிறார்?" என்று மேசை வாங்க வந்தவர் கேட்டால், அவர் என்ன பதில் சொல்வார்?

இந்தியாவில் ஏன் இப்படி இல்லை

இந்தியாவில் இரண்டு பைகளும் பெரும்பாலும் ஒன்றே. பயிற்சியை 1984இல் உருவான இந்திய விளையாட்டு ஆணையமும், பதக்க வாய்ப்புள்ள வீரர்களை 2014இல் வந்த மத்திய அரசின் தனித் திட்டமும் பார்த்துக்கொள்கின்றன. ஒரு மாநிலம் தேசிய அணிக்கு உதவுவது என்றால் அது மாநில அரசே செய்வதாக இருக்கும். 2018 முதல் இந்திய ஹாக்கி அணிகளின் விளம்பரதாரராக ஒடிசா அரசு இருப்பது அப்படித்தான்.

தன்னாட்சிப் பிரச்சினையை நாமும் பட்டிருக்கிறோம். அரசின் விளையாட்டு விதிகளின்படி இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தல் நடத்தப்பட்டதால், 2012 டிசம்பரில் சர்வதேச கமிட்டி அந்தச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே தடை நீங்கியது. மாஸ்கோவில் ஆஸ்திரேலியர்கள் அந்தக் கொடியைப் பிடித்தது அரசுக்குப் பணியாததால், சோச்சியில் நாம் பிடித்தது அரசு தலையிட்டதால்.

பிரிஸ்பேன் 2032 வரும்போது

2021 ஜூலையில் 2032 ஒலிம்பிக் பிரிஸ்பேனுக்கு ஒதுக்கப்பட்டது. சொந்த நாட்டில் போட்டி என்றால் அணிக்குப் பணம் கொட்டும் என்று தோன்றும். நடைமுறை கொஞ்சம் சிக்கலானது.

1. போட்டியை நடத்தும் நாட்டின் ஒலிம்பிக் கமிட்டி, தன் விளம்பர உரிமைகளைப் போட்டி அமைப்புக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரே நாட்டில் இரண்டு ஒலிம்பிக் அமைப்புகள் ஒரே நிறுவனத்தின் கதவைத் தட்டக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பதிலுக்குக் கமிட்டிக்கு ஒப்பந்தப்படி ஒரு தொகை கிடைக்கும்.

2. அதனால் மேலே சொன்ன இரண்டாவது வகை வருமானம், கமிட்டி தானே பேசி முடிக்கும் விஷயமாக இல்லாமல், அமைப்புக் குழு தரும் தொகையாக மாறும். அந்தக் குழுவில் அரசுகளின் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

3. போட்டியை நடத்தும் குயின்ஸ்லாந்து அரசு அரங்கங்களுக்கே பெரும் தொகை செலவழிக்கும். அணி நிதிக்குத் தனியாக ஏன் தர வேண்டும் என்ற கேள்வி அங்கே எழாமல் இருக்காது. உள்ளூர் நிறுவனங்களும் அமைப்புக் குழுவின் விளம்பரப் பலகையையே விரும்பும்.

4. மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மேனியா போன்ற தூர மாநிலங்களின் கவுன்சில்களுக்கு வேறு தலைவலி. பெர்த்திலிருந்து பிரிஸ்பேனுக்கு விமானத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அங்கே நடக்கும் திருவிழாவுக்கு இங்கே எதற்கு மொய் என்று கேட்பவர்களிடம்தான் அவர்கள் மேசை விற்க வேண்டும். நடத்தும் நாட்டுக்கு எல்லா விளையாட்டுகளிலும் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அணியும் பெரிதாக இருக்கும். அந்தக் கவுன்சில்களுக்கு இருக்கும் நல்ல துருப்பு, அந்தப் பெரிய அணியில் தங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியல்தான். விருந்து மேடையில் அவர்களை நிறுத்த, அதற்குள் அவர்கள் தேர்வாகியிருக்க வேண்டும். தேர்வுகள் பெரும்பாலும் போட்டிக்குச் சில மாதங்கள் முன்புதான் முடியும், மண்டபத்துக்கோ ஒரு வருடம் முன்பே அட்வான்ஸ் கட்ட வேண்டும்.